முன் இடது மூலை

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஊர்க்கதை எல்லாம் அத்துப்படி என்று பாலக்கரையில் ஒரு பேச்சு உண்டு. ஆதார் அட்டையில் யார் மூஞ்சி எப்படி விழுந்திருக்கிறது என்பதைத் தவிர எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மாடி வீட்டு லிசி டீச்சர் சங்கதி மட்டும் வேறு. அவர் செய்கிற குட்டி வண்டிகளுக்கு நம்பர் பிளேட், ஸ்டிக்கர், கண்ணாடியில் ஒட்டும் சாமி படம் எல்லாம் என் கடையில்தான் அச்சாகும். அரை நகத்து அகலத்தில் 'ஒலி எழுப்புக' என்று அடித்துக் கேட்பார். அடித்துக் கொடுத்துவிட்டு நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறார். வீட்டுக்கு வந்தால் லாரி, பஸ். ஃபோம் ஷீட்டை வெட்டி பாடி கட்டுவார். பழைய ரப்பர் செருப்பிலிருந்து டயர். மாத்திரை அட்டையில் இருக்கும் குமிழைக் கத்தரித்து ஹெட்லைட் கண்ணாடி. பிரேக் லைட்டுக்கு நெயில் பாலிஷ். துருப்பிடித்த இடம் வேண்டுமென்றால் செங்கல் பொடியில் டீ டிகாக்‌ஷனைக் குழைத்துத் தடவுவார். ஒருமுறை சத்திரம் டவுன் பஸ் ஒன்று செய்து கொண்டுவந்தார். அது இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. சக்கரம் சரியில்லையே என்றேன். "நிஜ பஸ்ஸே அப்படித்தான் பாய் சாயுது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அந்த அளவுக்கு நேர்மை எனக்கு ஆகாது. ஆனாலும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

அவர் வீட்டுக்காரர் ஆஸ்டின் சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றி விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டில் இறக்குவார். அந்தக் குட்டியானையையும் டீச்சர் ஒரு முழ நீளத்துக்குச் செய்து வைத்திருந்தார். அதன் தொட்டியில் வாழைப்பால் கறைகூட இருக்கும். அந்த மாடலுக்கென்று அவர்கள் வீட்டில் ஒரு சட்டம். நிஜ வண்டியில் எங்கே கீறல் விழுந்தாலும் மாடலிலும் அது விழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் மேஜையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். "இந்த வாரம் எங்க இடிச்சீங்க?" என்று டீச்சர் கேட்பார். எங்கே, எப்படி, எதில் என்று அவர் சொல்லச் சொல்ல இவர் கீறுவார். தனியாக ஒருவர் மாடலில் எதையும் மாற்றக்கூடாது. அடிபட்ட கணக்கை இப்படிச் சிரித்துக்கொண்டே பேசித் தீர்க்கிற குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் வீட்டில் ஒரு தம்ளர் நெளிந்தால் என் பெண்டாட்டி ஷரீபா மூன்று நாள் பேசமாட்டாள்.

அந்தக் கீறல்களில் பழையது முன் இடது மூலையில் இருந்த ஒரு பள்ளம். மகள் பெலிண்டாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வண்டியைத் திருப்பிய ஆஸ்டின், மாதா சிலை வைத்த கெபியின் சுவரில் கொண்டுபோய் இடித்தார். டீச்சர் கரண்டிக் காம்பைச் சூடு காட்டி மாடலிலும் அதே பள்ளத்தை அழுத்தினார். 'ஞானஸ்நான அடி' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெலிண்டா இப்போது புதுநன்மை, அதாவது பூசையில் முதல் தடவை அப்பம், வாங்கும் வயதுக்கு வந்துவிட்டது.

இந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாக வந்தன. நோன்புக் கஞ்சி என்றால் ஆஸ்டினுக்கு உயிர். பள்ளிவாசலில் இருந்து வாங்கி வரும்போதே மாடிக்கு ஒரு தூக்கு போய்விடும். இந்த முறை ஷரீபா கொடுத்தனுப்பிய தூக்கு அப்படியே திரும்பி வந்தது. வயிறு சரியில்லையாம். அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். தாடி வைத்திருந்தார். தவக்காலத்துக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாய், மாடலுக்கு ஸ்டிக்கர் ஒண்ணு வேணும். மாதா துணை. மஞ்சள்ல."

"மாதாவுக்கு நீலம்தானே தம்பி? டீச்சர் போட்ட டிசைன் அப்படியே இருக்கே."

"வண்டியில மஞ்சளா மாத்தியாச்சு பாய். எஃப்.சி.க்குப் போகணும்ல, மணப்பாறையில டிங்கர் வேலை பார்த்தேன். ஸ்டிக்கர் கடையில மஞ்சள்தான் இருந்துச்சு. இதுவும் அதே மாதிரி இருக்கட்டும். லிசிகிட்ட சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸ்."

பாலக்கரையில் தடுக்கி விழுந்தால் டிங்கர் கடை. இதற்கு மணப்பாறை வரைக்கும் போவானேன் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. மஞ்சளில் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாசி வெயில் அதற்குள் பங்குனி மாதிரி அடித்தது. டீச்சர் குனிந்து உள்ளே வந்தார். பூசைக்குக் கட்டிய புடவை, கையில் அந்தக் குட்டியானை. அதை என் கட்டிங் மேஜைமேல் வைத்தார்.

"பாய், இந்த ஸ்டிக்கர் நீங்க அடிச்சதா?"

"ஆமாங்க டீச்சர். தம்பிதான் வந்து கேட்டாரு. உங்களுக்கு சர்ப்ரைஸ்னாரு."

"சர்ப்ரைஸ்தான்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "இதைத் தூக்கும்போது என் பெருவிரல் எப்பவும் அந்தப் பள்ளத்துல போய் உக்காரும். பழக்கம். இன்னைக்குத் தூக்கினேன், வழுக்கிடுச்சு. பார்த்தா முன்பக்கம் முழுக்கப் புதுசு. வண்டியில டிங்கர் வேலை பார்த்தது எனக்குத் தெரியும் பாய், சொன்னாரு. சரி, ஞாயித்துக்கிழமை சேர்ந்து உக்காந்து மாத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவரே தனியா முடிச்சு வச்சிருக்காரு."

"நல்லாத்தானே பண்ணியிருக்காரு?"

"நல்லாவா? பிரமாதமா பண்ணியிருக்காரு. அதான் பயமா இருக்கு. உப்புத்தாள் தேய்க்க இவருக்கு என்னைக்குமே பொறுமை கிடையாது. ரெண்டு இழுப்பு இழுத்துட்டு என்கிட்ட தள்ளிவிட்டுடுவாரு. இதை எத்தனை தடவை தேய்ச்சிருக்காரு பாருங்க, கண்ணாடி மாதிரி. எதுக்கு பயந்து இப்படித் தேய்ச்சாரு?"

நான் குனிந்து பார்த்தேன். ஒரு முடி அளவு மேடு பள்ளம் கிடையாது.

"நன்மை வாங்கவும் எழுந்து போகமாட்டேங்கிறாரு பாய். எல்லாரும் வரிசையில போறாங்க, இவரு பெஞ்சுலயே உக்காந்திருக்காரு. கேட்டா, இப்பதான் டீ குடிச்சேன், அதான்னு சொல்றாரு. ஒரு ஞாயிறு டீ குடிப்பாரு, ரெண்டு ஞாயிறு குடிப்பாரு. ஒவ்வொரு ஞாயிறுமா?"

நன்மை வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது என்பது அவர்கள் முறை. ஆனால் வாரா வாரம் பெஞ்சில் தங்கிவிடுவது பெரிய சங்கதி. மனசில் கனமான பாவம் இருப்பவர்தான், அதைச் சாமியாரிடம் சொல்லித் தீர்க்கும்வரை எழுந்து போகாமல் இருப்பார். எனக்குப் புரிந்தது என்பது டீச்சருக்கும் புரிந்தது.

வெளியே வண்டி வந்து நின்றது. லிசி என்று கூப்பிட்டுக்கொண்டே ஆஸ்டின் ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டினார். மேஜையில் இருந்ததைப் பார்த்ததும் பாதி உள்ளே பாதி வெளியே அப்படியே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க" என்றார் டீச்சர்.

"இங்க எதுக்கு இதை எடுத்துட்டு வந்தே? பெயின்ட் ஒட்டிக்கும்."

"எங்க இடிச்சீங்க?"

ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜையில் கேட்கும் அதே கேள்வி. குரல்தான் வேறு.

"எங்கயும் இடிக்கலை. எஃப்.சி.க்காக மாத்தினேன்னு சொன்னேன்ல."

"வண்டியை மாத்தினதை நான் நம்பினேங்க. இன்னிக்குக் காலையில வரைக்கும் நம்பினேன். இதை ஏன் மாத்தினீங்க? நான் இல்லாம ஏன் மாத்தினீங்க?"

ஆஸ்டின் என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீங்க இருங்க பாய்" என்றார் டீச்சர். இந்த மாதிரி இடங்களில் நிற்பவன் பாடு பெரும்பாடு. நோன்பு வேறு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"உன் எதிர்ல உக்காந்து அதை மாத்த முடியாது லிசி" என்றார் ஆஸ்டின். பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "நீ எங்க, எப்படி, எதுலன்னு கேப்ப. நான் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க."

"தை மாசக் கடைசி. குணசீலம் தாண்டி வந்துக்கிட்டிருந்தேன். விடிஞ்சும் விடியாத நேரம். ஆத்துப் பனி ரோட்டுல அப்படியே படுத்துக் கெடக்கு. முன்னாடி ஒரு சைக்கிள்ல வாழையிலைக் கட்டு. கட்டுதான் தெரிஞ்சுச்சு, ஆளே தெரியலை. பக்கத்துல வந்தப்புறம்தான்... ஸ்டீரிங்கை ஒடிச்சேன் லிசி. சத்தியமா ஒடிச்சேன். இடது பக்கம் பட்டுடுச்சு. இலையெல்லாம் பறந்து வந்து கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. ஒண்ணுமே தெரியலை." கையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். "வைப்பரைப் போட்டேன். இலையைத் தள்ளிட்டு ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்."

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தவே இல்லையா?"

"இறங்கினா அடிச்சே கொன்னுருவாங்கன்னு பயம். அடுத்த டீக்கடையில நிறுத்தினேன். அங்க யாரோ விழுந்து கெடக்காங்கன்னு சொன்னேன். உடனே ஓடினாங்க. யாரோன்னுதான் சொன்னேன்."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. இங்கதான், பெரியாஸ்பத்திரியில. காத்தான்னு பேரு. இடுப்பும் காலும் போச்சு. இனிமே சைக்கிள் மிதிக்க முடியாதாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போய்ப் பார்த்தேன். அவங்க வீட்டம்மா கையில ஹார்லிக்ஸும் ரொட்டியும் குடுத்தேன். யாரு தம்பின்னு கேட்டாங்க. மார்க்கெட்ல சொன்னாங்க, மனசு கேக்கலைன்னேன். நல்லா இருப்பா, உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க." அதற்குமேல் அவரால் முடியவில்லை. அழுதார். பெரிய உடம்பு குலுங்கி அழுதது. "அந்தாளுக்கு வண்டி எதுன்னு தெரியலை. முன்னாடி நீல எழுத்து இருந்துச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்குன்னு பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. அதான் மஞ்சளா மாத்தினேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு விரல் அகல ஸ்டிக்கர்தான், நிஜ வண்டியில் இருப்பது வேறு யாரோ அடித்தது. ஆனாலும் அந்த மஞ்சள் என் மெஷினிலிருந்து வந்த மஞ்சள். கட்டிலில் கிடக்கிற மனுஷன் சொல்கிற ஒரே ஒரு சாட்சியை அழிக்கிற வேலைக்கு என்னையும் சேர்த்துவிட்டானே என்று இருந்தது. அல்லாஹ்வே, என் நோன்பு என்ன ஆவது என்று நினைத்தேன். அப்புறம் அவர் அழுததைப் பார்த்ததும் அந்தக் கோபமும் நிற்கவில்லை.

"இப்ப போய்ச் சொன்னா உள்ள தள்ளிருவாங்க" என்றார் ஆஸ்டின். "வண்டி போயிடும், லைசென்ஸ் போயிடும். மே மாசம் பிள்ளைக்குப் புதுநன்மை. அது வரைக்குமாவது..."

"அப்பா ஜெயில்ல இருந்தாலும் பிள்ளை புதுநன்மை வாங்கிடும்" என்றார் டீச்சர். "அன்னைக்கும் நீங்க பெஞ்சுலயே உக்காந்திருந்தா, ஏம்மா அப்பா வரலைன்னு கேக்கும். அதுக்கு நான் என்ன சொல்லட்டும்? டீ குடிச்சுட்டாருன்னா?"

டீச்சர் புடவை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாய், கட்டர் குடுங்க. பழைய டிசைன் இருக்குல்ல, நீலம். அதுல ஒண்ணு அடிங்க."

நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் மாடலைத் தன் பக்கம் இழுத்து, புது முன்பக்கத்தில் கட்டரை வைத்தார்.

"லைட்டு?"

"இடது லைட்டு. கண்ணாடி முழுசாப் போச்சு."

மாத்திரைக் குமிழ் நொறுங்கிய சத்தம் சின்னதாகக் கேட்டது.

"பம்பர்?"

"உள்ள மடிஞ்சுடுச்சு."

அவர் மடித்தார். ஆஸ்டின் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் மடித்தார். அதற்கும் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து வந்து டீச்சர் கையிலிருந்து மாடலை வாங்கிக்கொண்டார்.

"அவ்வளவு கம்மி இல்ல லிசி" என்றார்.

தன் கட்டைவிரலை அந்த மூலையில் வைத்து அழுத்தினார். ஃபோம் ஷீட் முறிந்து உள்ளே போனது. எத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் தேய்த்துத் தேய்த்துச் செய்த வேலையோ, ஒரே அழுத்தில் போனது. பழைய ஞானஸ்நான அடி இருந்த இடமும் அதற்குள்ளேயே போய்விட்டது. நீல ஸ்டிக்கரை டீச்சர் ஒட்டினார். பக்கத்து வீட்டில் யாரோ குழம்பு தாளித்தார்கள்.

என்னையும் கூட வரச் சொன்னார்கள். பெலிண்டாவை ஷரீபாவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் அதே குட்டியானையில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சாயங்காலப் பார்வையாளர் நேரம். வார்டு முழுக்க டெட்டாலும் சாத்துக்குடியுமாக வாசம். காத்தான் மூலைக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் படுத்திருந்தார். ஒடிசலான ஆள். விரல் இடுக்கிலெல்லாம் வாழைப்பால் கறை கறுத்துப்போய் இருந்தது, இத்தனை நாள் படுத்துக்கிடந்தும் போகவில்லை. அவர் சம்சாரம் செல்லாயி ஆஸ்டினைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார்.

"வாப்பா, வா. இந்தா, நான் சொன்னேன்ல, ஹார்லிக்ஸ் குடுத்த தம்பி இதுதான். உக்காருங்க. இது வீட்டம்மாவா?" என்று ஸ்டூலைத் தன் முந்தானையால் துடைத்தார்.

ஆஸ்டின் உட்காரவில்லை. டீச்சர் பையிலிருந்து மாடலை எடுத்துக் கட்டிலில், காத்தான் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அட" என்றார் காத்தான். "நம்ம குட்டியானை! யாரு தாயி செஞ்சது? அச்சு அசலா இருக்கே." பேரப்பிள்ளைக்கு வாங்கிவந்த பொம்மை என்று நினைத்திருப்பார் போல. ஆசையாகத் தூக்கினார். பின்னால் தொட்டியைப் பார்த்தார், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார், சிரித்தார். பிறகு முன்பக்கத்தைத் திருப்பினார்.

சிரிப்பு அப்படியே நின்றது. கறை படிந்த விரல் அந்த நீல எழுத்தின்மேல் போனது. அங்கிருந்து உடைந்த லைட்டுக்கு. அங்கிருந்து முன் இடது மூலைக்கு. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"நான்தான்" என்றார் ஆஸ்டின்.

செல்லாயிக்கு முதலில் விளங்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார், ஆஸ்டினைப் பார்த்தார். விளங்கியதும் அலறவில்லை. நான் அலறுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். பாதி தீர்ந்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, மூடியை இறுக்கித் திருகி, ஆஸ்டின் கையில் வைத்தார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போ."

"அம்மா..."

"உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்னு சொன்னேனேடா" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காத்தான் மாடலைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். "போலீசுக்குப் போனியா?" என்று கேட்டார்.

"இப்ப போறோம்ண்ணே" என்றார் டீச்சர். "இங்க வந்துட்டுப் போகலாம்னு..."

"சரி. போயிட்டு வாங்க. சொல்லிட்டு வந்தப்புறம் வாங்கிக்கலாம். அது வரைக்கும் இது இங்க இருக்கட்டும்."

"இருக்கட்டும்ண்ணே."

அதை மீட்டுக்கொண்டு போக மறுபடி எப்போது வருவோம், வருவோமா என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். வார்டு வாசலில் நான் திரும்பிப் பார்த்தபோதும் அவர் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது.

வழக்கு குணசீலம் பக்கத்து ஸ்டேஷனில் என்பதால் காவிரிப் பாலம் ஏறினோம். ஸ்ரீரங்கம் கோபுரத்துக்கு நேரே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை, மணல்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு நோன்பு திறக்க வேண்டும். பேரீச்சம்பழம் கடையிலேயே இருந்துவிட்டது. ஆஸ்டின் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். சைக்கிள் எதிரே வந்தால்கூட நின்று நின்று போனார். இன்னொரு கையில் அந்தப் பாட்டில். "என்கிட்ட குடுங்க" என்று டீச்சர் இரண்டு முறை கேட்டார். அவர் கொடுக்கவில்லை.

ஸ்டேஷனில் ஓர் ஏட்டு மட்டும் இருந்தார். தாடியும் கலங்கிய கண்ணுமாக வந்து நின்ற ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா? கையில என்னது, ஹார்லிக்ஸா? யாருக்கு?"

ஆஸ்டின் பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"நான் குடுத்தது சார். திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார். அங்கிருந்துதான் சொல்ல ஆரம்பித்தார்.